முப்பதுக்கு மேல் வரும் அசதி வயதின் வேலையா?

"முப்பது தாண்டிட்டா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே பெண்களின் எத்தனையோ உடல்நலக் குறைகளை நாம் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலம் நாலு மணிக்கே உடம்பு ஓய்ந்துபோகிறது. சீப்பில் கொத்தாக முடி வருகிறது. ராத்திரி படுத்தால் கால் குடைகிறது. கேட்டால் வயசு என்கிறார்கள். அது இல்லையென்றால் வெயிட், ஹார்மோன், டென்ஷன். வேலைக்குப் போகிற பெண்ணென்றால் "ஓவரா அலையுற, அதான்" என்று ஒரு வரி சேர்ந்துகொள்ளும்.

ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் பல சமயம் "எல்லாம் நார்மல்" என்று வந்துவிடுகிறது. அசதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லும் பெண்ணின் பேச்சுக்கு அதற்குப் பிறகு மதிப்பும் இருப்பதில்லை. எனக்கு வருத்தம் தருவது இந்த இடம்தான். அந்த அசதி உண்மையானது. பெரும்பாலும் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க முடியும். காரணம் தெரிந்தால் சரிசெய்யவும் முடியும்.

இருபதுகளில் நம் உடம்பு சேர்த்துவைத்திருக்கும் இருப்புகள் சில உண்டு. முக்கியமானவை மூன்று: இரும்பு, தசை, எலும்பு. முப்பதுக்குப் பிறகு தெரியும் பல தொல்லைகள் இந்த இருப்புகள் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கரைந்ததன் விளைவு. என்ன சாப்பிடுகிறோம், எதற்குப் பிறகு எதைக் குடிக்கிறோம், எவ்வளவு நேரம் உட்காருகிறோம், எப்போது தூங்குகிறோம் என்ற அன்றாடப் பழக்கங்கள்தான் அந்த இருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும். இந்தக் கட்டுரையில் இரும்பைப் பற்றி அதிகமாகவும் மற்ற இரண்டைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன். நம் ஊர்ப் பெண்களிடம் மிக அதிகமாகக் குறைந்திருப்பதும், மிகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இரும்புதான்.

## அடுப்பில் பானை, மூலையில் டிரம்

சமையலறை மூலையில் ஓர் அரிசி டிரம் இருக்கிறது. தினமும் அதிலிருந்து படியால் அள்ளி உலை வைக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அடுப்பில் கொதிக்கும் பானைதான் தெரியும். டிரம்மில் அரிசி பாதியாக இருந்தாலும், கால்வாசியாக இருந்தாலும் பானை நிறையச் சோறு பொங்கும். டிரம்மின் அடியில் படி உரசுகிற அன்றைக்குத்தான் பிரச்சினை தெரியவரும். பானையில் சோறு குறைவது அதற்கும் பிறகு.

உடம்பில் பானை என்பது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கக் கொண்டுசேர்க்கும், இரும்பு அடங்கிய புரதம் அது. ரத்தம் சிவப்பாக இருப்பதும் அதனால்தான். டிரம் என்பது ஃபெரிட்டின். கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம் இது. அதில் மிகச் சிறிய அளவு ரத்தத்திலும் கலந்திருப்பதால், இருப்பு எவ்வளவு என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

நாம் வழக்கமாக எடுக்கும் பரிசோதனை ஹீமோகுளோபினை மட்டும் பார்க்கிறது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 12.2 என்று வந்தால் நார்மல். ஆனால் அந்த 12.2ஐத் தக்கவைக்கவே உடம்பு தன் இருப்பையெல்லாம் துடைத்து எடுத்திருக்கலாம். அதோடு, இரும்பின் வேலை ரத்தத்தோடு முடிவதில்லை. தசைகளிலும், சாப்பாட்டைச் சக்தியாக மாற்றும் நொதிகளிலும் அது இருக்கிறது. அதனால்தான் ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே அசதி வந்துவிடுகிறது.

## வரவும் செலவும்

சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். வயதான சிவப்பணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உடைத்து, உள்ளேயிருக்கும் இரும்பை எடுத்துப் புதிய சிவப்பணு செய்யத் திருப்பி அனுப்புகின்றன. இப்படி ஒரு நாளில் சுழலும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து புதிதாக உள்ளே வருவதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். உடம்பு இரும்பை வெளியே விடுவதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கிறது. பெரிய விதிவிலக்கு ரத்தம் வெளியேறுவதுதான்.

பெண்களின் கணக்கு இங்கேதான் மாறுகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. சராசரியான மாதவிடாயில் 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். 40 மில்லி என்று வைத்தால் மாதம் 20 மில்லிகிராம் இரும்பு. தோலும் குடலும் உதிர்க்கும் செல்களோடு தினமும் போவதையும் சேர்த்தால், ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உள்ளே சேர வேண்டும்.

நம் சாப்பாட்டில் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, காய் என்று சாப்பிடும்போது அதில் எட்டு சதவீதம் போலத்தான் உடம்பில் சேரும், அதாவது 1.2 மில்லிகிராம். தேவை 1.5. தினமும் 0.3 மில்லிகிராம் பற்றாக்குறை. ஒரு பெண்ணின் மொத்த இருப்பே சுமார் 300 மில்லிகிராம்தான். இந்த வேகத்தில் போனால் மூன்று வருடத்துக்குள் காலி. இருப்பு குறையக் குறைய உடம்பு உஷாராகிச் சாப்பாட்டிலிருந்து கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் இன்னும் சில காலம் தாங்கும். ஆனால் போகும் திசை அதுதான்.

அந்த உறிஞ்சலைக் கட்டுப்படுத்துவது ஹெப்சிடின் என்னும் ஹார்மோன். கல்லீரல் அதைச் சுரக்கிறது. இருப்பு நிறைந்திருந்தால் ஹெப்சிடின் கூடி, குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போவதைத் தடுக்கும். இருப்பு குறைந்தால் ஹெப்சிடினும் குறைந்து இரும்பை விடும். உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தாலும் ஹெப்சிடின் கூடிவிடும். அந்தச் சமயத்தில் எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் இரும்பு சரியாகச் சேராது. மாத்திரை விஷயத்திலும் இந்த ஹார்மோன் வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுருக்கமாக: ஹீமோகுளோபின் அடுப்பிலிருக்கும் பானை, ஃபெரிட்டின் மூலையிலிருக்கும் டிரம். மாதாமாதம் ரத்தம் போவதால் பெண்ணுக்குச் செலவு அதிகம்; வரவு கொஞ்சம் குறைந்தாலே சில வருடங்களில் இருப்பு தீர்ந்துவிடும். பானை குறைவதற்கு முன்பே அசதி தொடங்கிவிடும்.

## ஏன் முப்பதுக்குப் பிறகு?

முப்பதாவது பிறந்தநாளன்று உடம்பில் எதுவும் மாறிவிடுவதில்லை. பத்துப் பதினைந்து வருடச் செலவு அந்த வயது வாக்கில் கணக்குக்கு வருகிறது, அவ்வளவுதான். ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. இருப்பைப்போல் மூன்று மடங்கு. குழந்தை பிறந்த பின் மாத்திரையை நிறுத்திவிட்டு, குழந்தையைப் பார்ப்பதில் தன் சாப்பாட்டைக் கோட்டைவிட்டு, ஆறு மாதத்தில் வேலைக்கும் திரும்பினால் அந்தக் கடன் அடைவதே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு போடும் காப்பர்-டி நல்ல கருத்தடைச் சாதனம். ஆனால் பலருக்கு அது மாதவிடாய்ப் போக்கைக் கூட்டும். முப்பதுகளில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்னும் சாதாரணக் கட்டிகள் வருவதும் அதிகம். அவையும் போக்கைக் கூட்டும்.

அதிகப் போக்கு என்பது எது என்று பல பெண்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அம்மாவுக்கும் அப்படி, அக்காவுக்கும் அப்படி என்று வளர்ந்திருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், பெரிய ரத்தக்கட்டிகளாகப் போனால், ஏழு நாளைத் தாண்டினால், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்தால் அது சாதாரணமில்லை. மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். போக்கை நிறுத்தாமல் இரும்பை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இது ஓரிருவர் பிரச்சினையும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். ஆண்களில் இந்தியா முழுக்க 25 சதவீதம். பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பதாலேயே அது இயல்பு என்று நமக்குத் தோன்றிவிட்டது.

## தட்டில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்

ரத்தம் ஊற என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் உடனே வரும் பதில் பீட்ரூட், மாதுளை. இரண்டும் நல்ல உணவுதான். ஆனால் 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட அவற்றில் கிடையாது. காய், பழத்தின் சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. கம்பில் 100 கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் சுமார் நாலரை. கொள்ளு, காராமணி, எள், வேர்க்கடலை எல்லாம் நம்மிடம் இருப்பவைதான்.

எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு சேர்கிறது என்பது முக்கியம். உணவில் இரும்பு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் ஹீம் இரும்பு எளிதில் சேரும். 15 சதவீதத்துக்கு மேல்கூட உறிஞ்சப்படும். தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் ஹீம் அல்லாத இரும்பு அதைவிடக் குறைவாகத்தான் சேரும். தானியங்களின் மேலோட்டில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வது ஒரு காரணம். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். இட்லி மாவைப் புளிக்கவைக்கும்போதும் கம்பங்கூழைப் புளிக்கவைக்கும்போதும் இது நடக்கிறது.

ஆட்டின் சுவரொட்டியை ரத்தசோகைக்குக் கொடுக்கும் பழக்கம் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. சுவரொட்டி என்பது மண்ணீரல். பழைய சிவப்பணுக்கள் உடைபடும் இடம். இரும்பு அங்கே குவிந்திருக்கும், அதில் ஒரு பகுதி ஹீம் வடிவில். நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும் என்பதோடு சரி.

இரும்பு சேர்வதைக் கூட்டுவது வைட்டமின் சி. குடலில் கரையக்கூடிய வடிவத்துக்கு அது இரும்பை மாற்றித்தருகிறது. கீரைப் பொரியலை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ சேர்ப்பது போதும். கொதிக்கும்போது பிழிந்தால் சூட்டில் வைட்டமின் சியில் ஒரு பகுதி அழிந்துவிடும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு உணவில் இறங்கும். நான்-ஸ்டிக் வந்த பிறகு பரணில் ஏறிவிட்ட அந்தச் சட்டியை இறக்குங்கள்.

குறைப்பது டீயும் காபியும். அவற்றில் இருக்கும் டானின் போன்ற பாலிபீனால்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்கின்றன. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் அந்த வேளையில் சேரும் இரும்பு பாதிக்குமேல் குறைந்துவிடலாம். நம் வீட்டு வழக்கத்தைப் பாருங்கள்: இட்லி சாப்பிட்ட கையோடு காபி. புளிக்கவைத்து ஃபைட்டேட்டைக் குறைத்த மாவின் பயன் அந்த ஒரு டம்ளரில் போய்விடுகிறது. டீயையோ காபியையோ விட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தால் போதும். காலை எழுந்ததும் ஒரு காபி, டிபனுக்குப் பிறகு வேலைக்குப் போய்ப் பதினோரு மணிக்கு ஒரு டீ என்றால் சரியாகிவிட்டது. காசு செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் பெண் கடைசியாகச் சாப்பிடுகிறாள். அதற்குள் மீன் துண்டும் முட்டையும் கீரையும் தீர்ந்துபோய், சோறும் குழம்பும்தான் மிஞ்சியிருக்கும். வீட்டில் மிக அதிக இரும்பு தேவைப்படுகிறவளுக்கு மிகக் குறைவாகக் கிடைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு, பெண்ணுக்கு 29. பெண்ணுக்குச் சொல்லும் அறிவுரையால் மட்டும் இது மாறாது. பரிமாறும் வரிசையை வீடே மாற்ற வேண்டும்.

சுருக்கமாக: சிவப்பு நிறம் இரும்பின் அடையாளம் இல்லை. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பைச் சேர்க்கும். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் டீயும் காபியும் தடுக்கும். நேரத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

## பச்சரிசி தின்னும் ஆசை

அரிசியைத் தின்றால் சோகை வரும் என்று பெரியவர்கள் திட்டுவதைப் பலர் கேட்டிருப்போம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். இரும்பு குறைந்தவர்களுக்குச் சமைக்காத அரிசிமேலோ உணவல்லாத பொருள்மேலோ ஆசை வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த அறிகுறி. பைக்கா என்று அதற்குப் பெயர். பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, சாக்பீஸ், சாம்பல், செங்கல் தூள், ஐஸ்கட்டி என்று ஆளுக்கு ஒன்று. முப்பது வயதுப் பெண் அலுவலகப் பையில் அரிசியை மறைத்துவைத்துத் தின்பது வெட்கப்பட வேண்டிய பழக்கம் இல்லை; பரிசோதனைக்குப் போக வேண்டிய அறிகுறி. இரும்பு ஏறத் தொடங்கியதும் பலருக்கு இந்த ஆசை தானாகவே நின்றுவிடும்.

## தசை: சர்க்கரை போய்ச் சேரும் இடம்

தசை என்றதும் ஜிம் நினைவுக்கு வருகிறது. ஆனால் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் தசைதான். கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் ஹார்மோன் சொல்ல, தசை அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. முப்பதுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. தசை குறைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்தால், அதே அளவு சோற்றைச் சமாளிக்க உடம்புக்கு அதிக இன்சுலின் வேண்டியிருக்கும். இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். நீரிழிவுக்கு முந்தைய கட்டம் இது. வெயிட் ஏறாமலே இது நடக்கலாம். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும் உடல்வாகு நம்மிடையே சாதாரணம். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினால் பெண்கள் கவனிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

சென்னை நீரிழிவு ஆய்வு மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவும் 15.3 சதவீதம் பேருக்கு முன்நீரிழிவும் இருப்பது தெரியவந்தது.

வேலைக்குப் போகிறவரின் டிபன் பாக்ஸை நினைத்துப் பாருங்கள். காலையில் அவசரத்துக்கு மூன்று இட்லி. அதில் புரதம் ஆறு கிராம் அளவு. மதியம் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும். மதியம்வரை அதில் கால்வாசிதான் எட்டியிருக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்து கிராமுக்கு மேல். புளிசாதத்தை விட வேண்டாம். அளவைக் கொஞ்சம் குறைத்து, வறுவலுக்குப் பதில் சுண்டலோ முட்டையோ வைத்தால் போதும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்துமுறை செய்வதும் தசைக்கு நல்ல பயிற்சி. நடைப்பயிற்சி மட்டும் தசையை வளர்க்காது.

## எலும்பும் வெயிலும்

எலும்பு தன் உச்ச அடர்த்தியை எட்டுவது முப்பது வயது வாக்கில். அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. நம் நாட்டில் மாதவிடாய் நிற்பது சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில். அதன்பின் சில வருடங்கள் எலும்பு வேகமாகத் தேயும். கையில் இருப்பது பதினைந்து வருடம் போல. ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகு மாவில் 340 மில்லிகிராமுக்கு மேலும், முருங்கைக்கீரையில் 300க்கு மேலும் இருக்கிறது. பாலில் சுமார் 120.

கால்சியம் சேர வைட்டமின் டி வேண்டும். காலை ஆறு, ஏழு மணி இளவெயிலில் நின்றால் கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தோலில் வைட்டமின் டி உண்டாக வேண்டிய புற ஊதாக் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அது உண்டாகும். மாநிறத் தோலுக்குக் கூடுதல் நேரமும் தேவை. இருட்டுவதற்கு முன் வீடு திரும்பாத, நாளெல்லாம் ஏசிக்குள் இருக்கும் பெண்ணுக்குச் சென்னையிலேயே வைட்டமின் டி குறைவதில் ஆச்சரியமில்லை. மதிய இடைவேளையில் கை முழங்கைவரை தெரிய கொஞ்ச நேரம் வெளியே நடக்கலாம்; முடியாதவர்கள் பரிசோதித்துவிட்டு மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம்.

## வேலை செய்யும் இடம்

பழக்கம் என்று சொன்னாலே அந்தப் பெண்ணின் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். நிறைய விஷயங்கள் அவள் கையில் இல்லை. கழிப்பறை சரியில்லாத இடத்தில் வேலை செய்கிறவர் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கிறார். பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் நாலு சென்டிமீட்டர்தான் என்பதால் கிருமி எளிதில் உள்ளே ஏறும். தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் தொற்று திரும்பத் திரும்ப வரும். பள்ளி ஆசிரியைகளும் ஜவுளிக்கடைப் பெண்களும் கார்மென்ட்ஸ் தொழிலாளிகளும் இதைச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

ஜவுளிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்ய வைத்த வழக்கத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. நெடுநேரம் நின்றால் காலில் ரத்தம் தேங்கி ரத்தக்குழாய் சுருண்டு வீங்கும். உங்கள் கடையில் ஸ்டூல் இல்லையென்றால் அதைக் கேட்பது உங்கள் உரிமை.

தூக்கமும் இப்படித்தான். 2019ஆம் ஆண்டு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுவதாகவும், செய்யும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் தெரிந்தது. அந்த நேரம் வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தூக்கத்திலிருந்துதான் வருகிறது. சில நாள் தூக்கம் குறைந்தாலே இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியும் கூடும். "சீக்கிரம் தூங்குங்கள்" என்று அவரிடம் சொல்வதைவிட, ராத்திரிப் பாத்திரத்தை வேறு யாராவது கழுவுவது பயன் தரும்.

## பரிசோதனையும் மாத்திரையும்

விடாத அசதி இருந்தால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆரோக்கியமான பெண்ணுக்கு ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்பு இருப்பு காலி என்று அர்த்தம். பல மருத்துவர்கள் 30க்குக் கீழேயே சிகிச்சை தருகிறார்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால் உடம்பு சரியான பிறகு எடுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தைராய்டு குறைவு அசதியையும் தரும், மாதவிடாய்ப் போக்கையும் கூட்டும். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. பரம்பரையாக வரும் தலசீமியா போன்றவையும் உண்டு. ஆகவே பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் தானாக மாத்திரை விழுங்க வேண்டாம்.

ஃபெரிட்டின் மிகவும் இறங்கிவிட்டால் சாப்பாட்டால் மட்டும் ஏறாது, மாத்திரை வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை இலவசம். டீ, காபி, பாலோடு எடுக்காதீர்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட வேண்டாம். வயிற்றுப் புரட்டலும் மலச்சிக்கலும் வந்து பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். இங்கேதான் ஹெப்சிடின் வருகிறது. ஒரு மாத்திரை போட்டதும் அது கூடி, ஏறக்குறைய ஒரு நாளுக்கு அடுத்த மாத்திரையின் இரும்பு சேர்வதைக் குறைக்கிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேரும் பங்கு கூடுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தசோகை கடுமையாக இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ அவர் வேறு முறை சொல்லலாம்.

மாத்திரை எடுத்த சில வாரங்களில் அசதி குறையும், ஒன்றிரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டும். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள்; அடுத்த வருடம் மறுபடி அதே அசதியோடு வருகிறார்கள். உடம்பு முதலில் ரத்தத்தைச் சரிசெய்யும், அதற்குப் பிறகுதான் இருப்பை நிரப்பும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் வழக்கமாக இன்னும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வது அதற்காகத்தான். அந்த மூன்று மாதம் முடிந்ததும் ஃபெரிட்டினை ஒருமுறை பார்த்து, மாத்திரையை நிறுத்தலாமா என்பதை அந்த எண்ணை வைத்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.